செம்புக் குழாய் எல்போ: மூன்று முறை ஈயம் வைத்தும் கசிவு நிற்கவில்லை

#1 தண்ணீர்த்தடம்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் வெந்நீர்க் குழாயை நானே மாற்றினேன். 15 மி.மீ. செம்புக் குழாய், நான்கு எல்போ (வளைவு இணைப்பான்), ஒரு டீ (மூன்று வாய் இணைப்பான்), ஒரு வால்வு என மொத்தம் பதின்மூன்று இணைப்புகள். அவற்றில் பன்னிரண்டில் கசிவே இல்லை. தொட்டிக்குக் கீழே, சுவரை ஒட்டி இருக்கும் எல்போவின் ஒரு முனைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

தண்ணீர் திறந்து இரண்டு நாள் ஒரு சொட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் எல்போவின் அடியில் ஒரு துளி தொங்கியது. தண்ணீரை அடைத்து, வடித்துவிட்டு, வெளியே ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் களிம்பு) தடவிச் சூடாக்கி, பழைய ஈயத்தின் மேலேயே கொஞ்சம் ஈயம் வைத்தேன். ஒரு நாள் நின்றது. மறுபடியும் அதே இடத்தில் கசிவு, மறுபடியும் ஈயம். நேற்று மூன்றாம் முறை. இப்போது ஈயம் ஒட்டவே மறுக்கிறது. உருண்டை உருண்டையாகத் திரண்டு தரையில் விழுகிறது. எவ்வளவு சூடாக்கினாலும் பயனில்லை.

காரீயம் இல்லாத கம்பி, களிம்பு வகை ஃப்ளக்ஸ், சாதாரண புரோப்பேன் டார்ச் ஆகியவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

#2 ஓய்வுபெற்ற ஃபிட்டர்

தம்பி, முதலில் டார்ச்சைக் கீழே வையுங்கள். நான்காம் முறை அதன்மேல் எதையும் வைக்காதீர்கள்.

வெளியே பளபளக்கும் வளையத்தைத்தான் நீங்கள் இணைப்பு என்று நினைக்கிறீர்கள். தண்ணீரைத் தடுக்கும் இடம் அங்கே இல்லை. குழாயின் வெளிச்சுவருக்கும் எல்போவின் வாய்க்கும் நடுவே ஒரு தாளின் தடிமனுக்கு இடைவெளி இருக்கிறதே, அதற்குள் பற்றாசு (நீங்கள் ஈயம் என்கிறீர்களே, அந்த சால்டர்தான்) இறங்கி, சுற்றிலும், அடி வரைக்கும் நிரம்பியிருக்க வேண்டும். உருகிய பற்றாசை உள்ளே இழுப்பது நுண்புழை ஏற்றம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, கீழிருந்து மேலாகக்கூட அது ஏறிவிடும். ஆனால் உள்ளே செம்பு சுத்தமாக இருந்தால்தான் ஏறும், சூடாக இருந்தால்தான் ஏறும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

சில கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். குழாயை எதனால் வெட்டினீர்கள்? எல்போவின் உட்புறத்தைத் தேய்த்தீர்களா? தழலை எந்தப் பக்கம் காட்டினீர்கள், கம்பியை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? பதின்மூன்றில் இந்த இணைப்பை எத்தனையாவதாகச் செய்தீர்கள்? அப்போது தண்ணீர் பிடிக்கும் குழாய்கள் எல்லாம் மூடியிருந்தனவா?

#3 தண்ணீர்த்தடம்

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஹேக்சாவால் வெட்டினேன். குழாயின் வெளிப்புறத்தை எமரித் துணியால் நன்றாகத் தேய்த்தேன். எல்போ புதியது, உள்ளே மின்னியது, அதனால் அதைத் தேய்க்கவில்லை. பின்னால் சுவர் இருப்பதால் முன்பக்கம் மட்டும் சூடாக்கினேன். கம்பியையும் முன்பக்கமே, தழலின் அருகிலேயே வைத்தேன். உடனே உருகியது, மகிழ்ச்சியாகச் சுற்றி இழுத்துவிட்டேன்.

இதுதான் கடைசியாகச் செய்த இணைப்பு. வால்வும் மற்ற குழாய்களும் மூடியிருந்தன. இதை ஏன் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

#4 நீலத்தழல்

பதில் அப்போதே தெரிந்துவிட்டது. ஐயா விரிவாகச் சொல்வார், எனக்குத் தெரிந்ததை முன்னால் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இதே வேலை செய்கிறேன். என்னிடம் கற்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் செய்யும் பிழை உங்கள் மூன்றாவது வரியில் இருக்கிறது: “உடனே உருகியது.”

கம்பி தழலில் உருகினால் அதற்குப் பொருளே இல்லை. தழலுக்குள் எதை நீட்டினாலும் உருகும். கம்பியை உருக்க வேண்டியது செம்பு. தழல் ஒரு பக்கம் இருந்தால் கம்பியை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் தொட்டுப் பாருங்கள். அங்கே உருகினால்தான் வெப்பம் குழாயைச் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். உருகவில்லையா, கம்பியை எடுத்துவிட்டு இன்னும் சில விநாடிகள் சூடாக்குங்கள். நீங்கள் சூடான பக்கத்திலேயே கேள்வி கேட்டு, சூடான பக்கத்திலேயே பதிலும் வாங்கியிருக்கிறீர்கள். சுவர்ப்பக்கத்தை யாருமே கேட்கவில்லை.

புதிய எல்போ மின்னும், உண்மைதான். ஆனால் பெட்டியில் கிடக்கும்போதே காற்று பட்டு அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படிந்துவிடும், எண்ணெயும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் பற்றாசுக்குத் தெரியும். உள்ளே கம்பித் தூரிகையை விட்டு நாலு சுற்று சுற்றினால் போதும். தேய்த்த பிறகு விரலால் தொடாதீர்கள், விரலிலும் எண்ணெய்ப்பசை இருக்கிறது. தேய்த்தவற்றை அன்றைக்கே பற்றவைத்துவிடுங்கள். இரவு முழுக்கக் கிடந்தால் மறுநாள் மறுபடியும் தேய்க்க வேண்டும்.

#5 மூன்றாம் மாடி

எனக்கு ஒரு சந்தேகம். உள்ளே பற்றாசே இல்லை என்றால் முதல் இரண்டு நாள் தண்ணீர் எப்படி நின்றது? குழாயில் அழுத்தம் இருக்கிறதே.

#6 ஓய்வுபெற்ற ஃபிட்டர்

இந்தத் தொழிலில் பலரை ஏமாற்றிய கேள்வி இது. என்னையும் ஏமாற்றியிருக்கிறது. ஒரு பெரிய வேலையில் சோதனை முடித்து, அழுத்தமானியில் முள் அசையவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து மேற்கூரையில் ஈரம் தெரிந்ததாக அழைத்தார்கள்.

களிம்பு ஃப்ளக்ஸ் பெரும்பாலும் பெட்ரோலிய ஜெல்லியில் துத்தநாக குளோரைடு, அம்மோனியம் குளோரைடு போன்ற உப்புகளைக் கலந்து செய்ததுதான். பற்றாசு போகாத இடத்தில் ஃப்ளக்ஸ் இருக்கும். சூடு தணிந்ததும் அது பிசினாக இறுகி, ஊசித்துளை அளவு வழியை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர் அதை மெதுவாகத்தான் அரிக்கும். வெந்நீர் ஓடினால் ஜெல்லி இளகும், உப்பு கரையும், வழி திறக்கும். தம்பியின் குழாய் வெந்நீர்க் குழாய். அதனால்தான் இரண்டே நாளில் தெரிந்தது. குளிர்நீர்க் குழாயாக இருந்திருந்தால் சில மாதம் மறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த வகையில் இது நல்லதுக்குத்தான்.

அன்று முதல், வேலை முடிந்ததும் குழாய்களைத் திறந்துவிட்டு நன்றாக அலசாமல் நான் சோதனை செய்வதில்லை. முடிந்தால் வெந்நீரால் அலசுவேன். உள்ளே தங்கிய ஃப்ளக்ஸ் செம்பையும் அரிக்கும். சில ஆண்டுகளில் குழாயின் அடியில் பச்சைப்புள்ளியோடு ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழாயின் நுனியில் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். தூரிகையால் தடவுங்கள், விரல் வேண்டாம். எல்போவின் உள்ளே அள்ளி அப்பினால், குழாயைச் செருகும்போது அத்தனையும் உள்ளே தள்ளப்பட்டு அங்கேயே தங்கிவிடும். வாங்கும்போது டப்பாவில் ஏ.எஸ்.டி.எம். பி 813 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தின்படி செய்த ஃப்ளக்ஸின் எச்சம் தண்ணீரில் அலசினால் போய்விடும்.

#7 அளவுகோல்

எவ்வளவு கம்பி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

குழாயின் வெளிவிட்டம் 15 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 47 மி.மீ. எல்போவின் வாய் 12 மி.மீ. ஆழம் என்று கொள்வோம். இடைவெளி 0.1 மி.மீ. மூன்றையும் பெருக்கினால் சுமார் 56 கன மில்லிமீட்டர். 3 மி.மீ. தடிமனுள்ள கம்பியின் குறுக்குப் பரப்பு 7 சதுர மில்லிமீட்டர். ஆக, 8 மி.மீ. நீளக் கம்பி இடைவெளியை முழுதாக நிரப்பிவிடும்! விளிம்பில் தெரியும் வளையத்துக்கும் சேர்த்து 15 மி.மீ. வைத்தால் தாராளம். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளக் கம்பி என்று பெரியவர்கள் சொல்லும் கைக்கணக்கு சரியாகவே வருகிறது.

தண்ணீர்த்தடம், நீங்கள் எவ்வளவு கம்பி செலவழித்தீர்கள்?

#8 தண்ணீர்த்தடம்

அந்த ஒரு முனைக்கு மட்டும் ஒரு சாண் இருக்கும். பாதி தரையில் கிடக்கிறது.

#9 நீலத்தழல்

அளவுகோல், மிக நல்ல கணக்கு. இதை என்னிடம் பயிற்சி பெறுபவர்களுக்குச் சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடைவெளி 0.05 முதல் 0.125 மி.மீ. வரை இருந்தால்தான் இழுப்பு நன்றாக இருக்கும். குழாய் நுனி நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டால் ஒரு பக்கம் இடைவெளியே இருக்காது, எதிர்ப்பக்கம் பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் பற்றாசு ஏறாது, வழிந்துவிடும். மழுங்கிய சக்கரமுள்ள கட்டரை ஒரேயடியாக இறுக்கினால் நுனி நசுங்கும். கொஞ்சம் இறுக்கி, ஒரு சுற்று சுற்றி, மறுபடியும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

ஹேக்சாவால் வெட்டினாலும் குற்றமில்லை, நுனி நேராக இருந்தால் சரி. ஆனால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அரத்தால் எடுத்தே ஆக வேண்டும். பிசிறு இருந்தால் தண்ணீர் அங்கே சுழித்து ஓடும், அந்தச் சுழிப்பு காலப்போக்கில் குழாயின் சுவரை அரித்துவிடும். வெளிப்பிசிறு குழாயை எல்போவின் அடி வரை போகவிடாது.

#10 வேகக்காற்று

இவ்வளவு பேச்சு தேவையில்லை. இரண்டு வழி சொல்கிறேன். சால்டர் தூள் கலந்த ஃப்ளக்ஸ் வாங்குங்கள், தானே உள்ளே பூசிவிடும். புரோப்பேனை விட்டுவிட்டு மாப் கேஸ் எடுங்கள், சூடு போதவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினை.

#11 ஓய்வுபெற்ற ஃபிட்டர்

நண்பர் வேகக்காற்று சொன்ன இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் தம்பியின் கையில் இப்போது இரண்டுமே ஆபத்து.

தூள் கலந்த ஃப்ளக்ஸைத் தடவினால், சூடானதும் விளிம்பில் வெள்ளி வளையம் தானாகத் தோன்றிவிடும். பார்க்கிறவன் பற்றாசு நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கம்பி வைப்பதைக் குறைத்துவிடுவான். அந்தத் தூள் இடைவெளியை நிரப்பப் போதாது. கம்பியைக் குறைக்காமல் வைப்பவனுக்குக் கெடுதலில்லை. புதிதாகச் செய்பவனுக்கோ அது பொய்ச்சாட்சி.

சூடு விஷயத்தில் எனக்கு நேர்மாறான கருத்து. தம்பிக்குச் சூடு அதிகமாகிவிட்டது. வெள்ளீயம்–செம்புக் கம்பி 227 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். 15 மி.மீ. குழாய்க்குப் புரோப்பேன் தாராளமாகப் போதும். எல்லை தாண்டினால் ஃப்ளக்ஸ் கருகும். கருகிய ஃப்ளக்ஸ் கரி. அதன் மேல் பற்றாசு எப்படி ஒட்டும்? தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். மூன்றாம் முறை தரையில் விழுந்த உருண்டைகளுக்குக் காரணம் அதுதான். செம்பும் கறுத்துவிட்டிருக்கும். அந்தக் கறுப்பை மேற்கொண்டு சூடாக்கி நீக்க முடியாது, தேய்த்துத்தான் நீக்க வேண்டும்.

முதல் முறை பின்பக்கம் சூடு போதவில்லை, மூன்றாம் முறை முன்பக்கம் சூடு மிஞ்சிவிட்டது. தழல் ஒரே இடத்தில் நின்றால் இரண்டும் ஒரே இணைப்பில் நடக்கும்.

#12 வேகக்காற்று

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நான் 28 மி.மீ. குழாய்களில் வேலை செய்கிறவன், அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். பெரிய குழாய் வெப்பத்தை வேகமாக இழுத்துவிடும்.

#13 குளிர்சாதன மெக்கானிக்

ஏன் பிரேசிங் செய்துவிடக் கூடாது? எங்கள் வேலையில் எல்லாமே அதுதான். செம்பு–பாஸ்பரஸ் கம்பி, ஃப்ளக்ஸே வேண்டாம். ஒரு முறை வைத்தால் தலைமுறைக்கும் அசையாது.

#14 ஓய்வுபெற்ற ஃபிட்டர்

உங்கள் வேலைக்கு அதுதான் சரி. அழுத்தமும் அதிர்வும் அங்கே அதிகம். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

450 டிகிரிக்குக் கீழே உருகினால் பற்றாசு, அதற்கு மேலே போனால் பிரேசிங் என்று கோடு போட்டிருக்கிறார்கள். செம்பு–பாஸ்பரஸ் கம்பி உருகத் தொடங்கவே 700 டிகிரியைத் தாண்ட வேண்டும். தொழிற்சாலையில் இழுத்துக் கடினமாக்கிய குழாய் அந்தச் சூட்டில் இளகி மென்மையாகிவிடும். சுவரை ஒட்டிய இடத்தில் புதியவர் ஒருவர் அந்தச் சூட்டோடு நிற்பதை நான் விரும்பவில்லை. பாஸ்பரஸ் ஃப்ளக்ஸின் வேலையைச் செய்வதும் செம்போடு செம்பைச் சேர்க்கும்போதுதான். பித்தளை வந்தால் தனியாக ஃப்ளக்ஸ் வேண்டும். நீங்கள் குழாய்க்குள் நைட்ரஜன் ஓடவிட்டுத்தானே பற்றவைக்கிறீர்கள்? அது இல்லாவிட்டால் உள்ளே கறுப்புச் செதில் படியும் என்று உங்களுக்கே தெரியும்.

#15 குளிர்சாதன மெக்கானிக்

உண்மை. நைட்ரஜன் இல்லாமல் செய்தவர்களின் கம்ப்ரசர்களை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

#16 மூன்றாம் மாடி

இடையில் ஒரு சிறு கேள்வி. ஈயம், பற்றாசு, சால்டர் என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். குடிநீர்க் குழாயில் ஈயம் வைக்கலாமா?

#17 நீலத்தழல்

பேச்சில் எல்லாவற்றையும் ஈயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதில்தான் குழப்பம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நஞ்சு காரீயம்தான். பழைய கம்பிகளில் பாதிக்குப் பாதி காரீயம் இருக்கும். 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், கைக்கு மிகவும் பணிந்து வரும், அதனால் சில பழைய ஆட்கள் இன்னும் தேடிப்போகிறார்கள். தண்ணீர்க் குழாயில் அதைத் தொடவே கூடாது. அமெரிக்கா 1986 இல் குடிநீர்க் குழாய்களில் அதைத் தடை செய்தது, பல நாடுகளும் தடுத்திருக்கின்றன. வெள்ளீயத்தோடு செம்போ வெள்ளியோ ஆண்டிமனியோ கலந்த கம்பியை வாங்குங்கள். மின்னணு வேலைக்கான, நடுவில் ரெசின் உள்ள கம்பியும் இதற்கு ஆகாது.

#18 தண்ணீர்த்தடம்

இன்று காலை தண்ணீரை அடைத்து, அந்த எல்போவைக் குழாயோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டேன். ஐயா சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சூடாக்கிக் கழற்றவில்லை. இடுக்கியில் பிடித்து, ஹேக்சாவால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். ஒரு பாதி நான் சூடாக்கிய முன்பக்கம், மறுபாதி சுவர்ப்பக்கம்.

முன்பாதியில் குழாயும் எல்போவும் ஒன்றாகிவிட்டிருந்தன. குறட்டால் இழுத்தும் பிரியவில்லை. வெட்டிய இடத்தில் இரண்டு செம்புக்கும் நடுவே வெள்ளிக்கோடு ஒன்று தலைமுடி போல ஓடியது.

சுவர்ப்பாதியைக் கையில் எடுத்தேன். குழாய்த்துண்டு தானாகக் கழன்று மேசையில் விழுந்தது.

விழுந்த துண்டின் முதுகில் பற்றாசே இல்லை. தேய்த்த எமரிக் கோடுகள்கூட அப்படியே தெரிந்தன. அவற்றின் மேல் பழுப்பும் கறுப்புமாகக் கெட்டிப்பட்ட ஃப்ளக்ஸ். எல்போவின் உட்புறமும் அப்படியே. வெளிவிளிம்பில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பற்றாசு மோதிரம் போல ஒட்டியிருந்தது. அந்த மோதிரத்தில் ஒரு துளை, குண்டூசி நுழையும் அளவு. நான் மேலே மேலே வைத்த பற்றாசு எல்லாம் அந்த மோதிரத்தின் மேல் கட்டி கட்டியாக நின்றது. உள்ளே ஒரு துளியும் போகவில்லை.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துளை எப்படி வந்தது ஐயா?

#19 ஓய்வுபெற்ற ஃபிட்டர்

வெட்டிப் பார்த்தீர்களே தம்பி, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். முப்பது ஆண்டு இந்த வேலை செய்தவர்களில் பலர் தங்கள் இணைப்பின் உட்புறத்தை ஒரு முறையும் பார்த்ததில்லை.

“கடைசி இணைப்பா, குழாய்கள் மூடியிருந்தனவா” என்று முதலில் கேட்டதற்குக் காரணம் அந்தத் துளைதான். எல்லா வாயும் மூடிய குழாயில் கடைசி இணைப்பைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரியும். வெளியேற வழி தேடும். உருகிய பற்றாசுதான் அதற்குக் கிடைக்கும் மெல்லிய சுவர். அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், பற்றாசு இறுகும்போது துளையும் அப்படியே இறுகிவிடும். இணைப்பு நன்றாக நிரம்பியிருந்தாலும் இது நடக்கும். ஆகவே பற்றவைக்கும்போது தண்ணீர் பிடிக்கும் குழாய் ஏதாவது ஒன்று திறந்திருக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் முறை தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது தண்ணீர். வடித்துவிட்டேன் என்றீர்கள். தாழ்ந்த இடத்து எல்போவில் ஒரு மடக்குத் தண்ணீராவது நிற்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டும் இருக்கும். தண்ணீர் உள்ள இடத்தில் செம்பு 100 டிகிரியிலேயே நின்றுவிடும், தண்ணீர் முழுதும் ஆவியாகும் வரை மேலே ஏறாது. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் முப்பது கிராம் செம்பை ஏறக்குறைய 195 டிகிரி சூடேற்றப் போதும். டார்ச்சைக் காட்டிக் காட்டி முன்பக்கம் கருகும், நீர் நிற்கும் பக்கம் பற்றாசை உருக்கும் அளவுக்குச் சூடாகாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாழ்ந்த குழாயைத் திறந்து வடியுங்கள், மேலே ஒன்றையும் திறந்து காற்று நுழைய விடுங்கள். தங்கிய நீரை உறிஞ்சி எடுங்கள். துளி வருவது நிற்கவே இல்லை என்றால் அந்த ஓர் இடத்தில் பற்றாசை மறந்துவிட்டு, நட்டு வைத்து இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் போடுங்கள். அதில் தோல்வி ஒன்றுமில்லை.

பழைய எல்போ வேண்டாம், புதிது வாங்குங்கள். மீதமுள்ள குழாய் முனையில் பழைய பற்றாசு இருந்தால் புதிய எல்போ நுழையாது. சூடாக்கி, உருகியிருக்கும்போதே உலர்ந்த பருத்தித் துணியால் ஒரே வீச்சில் துடைத்துவிடுங்கள். தோல் கையுறை அணிந்து செய்யுங்கள். பிறகு எமரி, தூரிகை, மெல்லிய ஃப்ளக்ஸ். செருகும்போது கொஞ்சம் திருகிச் செருகினால் ஃப்ளக்ஸ் எங்கும் பரவும். அடியில் முட்டும் வரை போக வேண்டும். வழிந்ததைத் துடையுங்கள்.

சூடாக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் எல்போவை ஒட்டிய குழாயைச் சூடாக்குங்கள். வாய்க்குள் மறைந்திருக்கும் நுனிக்குத் தழல் நேராகப் போக முடியாது, குழாய் வழியாகத்தான் வெப்பம் போய்ச் சேரும். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், பித்தளையைப் போல மூன்று மடங்குக்கு மேல். பிறகு தழலை எல்போவின் மேல் கொண்டுவந்து, வாயின் அடிப்பகுதிக்கும் விளிம்புக்குமாக அசைத்துக்கொண்டே இருங்கள். உள்ளே தெரியும் நீலக் கூம்பின் நுனிதான் மிகச் சூடு. அது செம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். ஃப்ளக்ஸ் கொதித்துச் சலசலப்பு அடங்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். உருகியதும் தழலை வாயின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். பற்றாசு வெப்பத்தைத் தேடி ஓடும், அது உள்ளே ஓட வேண்டுமானால் வெப்பம் உள்ளே இருக்க வேண்டும்.

குழாய் படுக்கையாக இருந்தால் அடியிலிருந்து, நடுவுக்குச் சற்றுத் தள்ளித் தொடங்குங்கள். அடியில் முதலில் வைத்த பற்றாசு இறுகத் தொடங்கி அணைபோல நிற்கும். பிறகு ஒரு பக்கமாக மேலே ஏறி, மறுபக்கமும் ஏறி, உச்சியில் முடியுங்கள்.

முடித்த பிறகு அசைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தானே ஆறட்டும். இறுகிய பிறகு ஈரத்துணியால் வெளி ஃப்ளக்ஸைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சில நாளில் பச்சை பூக்கும்.

#20 சிறுவால்வு

ஐயா, வால்வைப் பற்றவைக்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர் உருகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

#21 நீலத்தழல்

உள்பாகம் கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பால் வால்வு என்றால் முழுதும் திறந்து வைத்துவிட்டு, நடுவுடலில் ஈரத்துணி சுற்றி, தழலை உடலிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். பித்தளை கனமானது, சூடாக நேரமெடுக்கும், பொறுமையாக இருங்கள். அருகருகே இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பது நல்லது. முடியாவிட்டால் முதலில் முடித்ததன் மேல் ஈரத்துணி.

#22 மரவேலை

சுவரை ஒட்டிய இடம் என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மரச்சட்டத்துக்கு ஒரு விரல் தூரத்தில் குழாய் பற்றவைத்தேன். தடுப்பு வைக்கவில்லை. மரம் லேசாகப் பழுப்பானது, அவ்வளவுதான் என்று கருவிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கீழே வந்தபோது சட்டத்தின் உள்ளே கனன்று புகை வந்துகொண்டிருந்தது. தழல் தெரியவில்லை, ஆனால் கை வைத்தால் சுட்டது. அன்று நான் வேறு வேலைக்குக் கிளம்பியிருந்தால் வீடு இருந்திருக்காது.

தீத்தாங்கும் விரிப்பைப் பின்னால் தொங்கவிடுங்கள். மரத்தை முன்கூட்டியே நனையுங்கள். வாளியில் தண்ணீரும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்த பிறகு ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். கண்ணாடி அணியுங்கள், கொதிக்கும் ஃப்ளக்ஸ் தெறிக்கும். தலைக்கு மேலே பற்றவைப்பவர்கள் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொள்ளுங்கள்.

#23 தண்ணீர்த்தடம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். உடனே எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான், வெந்நீர் ஓடிப் பார்க்க வேண்டும் என்று.

முதலில் துண்டுக் குழாய்களில் எட்டு இணைப்பு செய்து எட்டையும் பிளந்தேன். முதல் மூன்றில் ஏதோ ஒரு பக்கம் வெற்றிடம். நான்காவதில் தழலை எதிர்ப்பக்கம் வைத்துக் கம்பியைத் தொட்டபோது, அது உருகி விளிம்பைச் சுற்றி ஓடி உள்ளே மறைந்தது. அந்தக் காட்சியைச் சொற்களில் சொல்லத் தெரியவில்லை. யாரோ உள்ளே இருந்து இழுத்தது போல இருந்தது. கடைசி நான்கும் பிளந்தபோது பிரியவே இல்லை.

பிறகு மேலே ஒரு குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, விரிப்பைத் தொங்கவிட்டு, புதிய எல்போவை வைத்தேன். கம்பி 15 மி.மீ. அளவில் மடக்கி வைத்திருந்தேன், அளவுகோல் சொன்னபடியே போதுமானதாக இருந்தது. வெந்நீரால் அலசினேன். பதினோரு நாளாக ஈரம் இல்லை.

ஆனால் இப்போது மற்ற பன்னிரண்டின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. அவற்றையும் முன்பக்கம் மட்டும் சூடாக்கித்தானே செய்தேன்?

#24 ஓய்வுபெற்ற ஃபிட்டர்

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சிறு கண்ணாடி ஒன்றும் விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இணைப்பின் பின்பக்க விளிம்பையும் பாருங்கள். வளையம் அறுபடாமல், மழமழப்பாகச் செம்போடு கலந்து சரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். கட்டியாக, விளிம்பு உருண்டு, செம்பின் மேல் உட்கார்ந்தது போல இருந்தால் அது ஒட்டவில்லை. வளையமே இல்லாத இடம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

#25 தண்ணீர்த்தடம்

பார்த்துவிட்டேன் ஐயா. பத்து சரியாக இருக்கின்றன. சுவரிலிருந்து தள்ளி இருந்தவை அவை, டார்ச் பின்னாலும் போயிருக்கிறது. டீயின் கீழ்முனையில் சிறிது சந்தேகம். வால்வின் சுவர்ப்பக்கம் விரற்கடை அகலத்துக்கு வளையமே இல்லை, வெறும் பச்சைக்கறை. இன்னும் சொட்டவில்லை. சனிக்கிழமை தண்ணீரை அடைத்துவிட்டு இரண்டையும் வெட்டி எடுக்கிறேன். பிளந்து பார்த்து இங்கே எழுதுகிறேன்.